வெறுங்கதிரைகளுக்கு முதலிடம்

வலையமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. வீட்டோடு இருக்கிற மனிதனுக்குக் கோபம் எதற்கு, காலையில் வாவிக்கரையில் நடந்துவிட்டு வந்து பேப்பரைப் பார்த்தால் போதாதா என்று என் மனைவி கேட்கிறாள். போதாது. நடக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு நடக்கிறேன்.

கடைசிப் பதினொரு வருடம் நான் வேலை செய்தது மட்டக்களப்பில் ஒரு தனியார் மருத்துவ நிறுவனத்தில். பெயர் இங்கே வேண்டாம். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வாவிக்கு அப்பால், படுவான்கரையில், வயல் கிராமங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிளை. கிளையில் ஒரு டொக்டர், இரண்டு தாதியர், ஓர் அம்புலன்ஸ், அதற்கு ஒரு சாரதி. இங்கே ஒரு கோபுரம், அங்கே ஒரு கோபுரம் நட்டு, வாவிக்கு மேலாகக் கம்பியில்லா இணைப்பு ஒன்று கொடுத்திருந்தோம். ஒடுக்கமான இணைப்பு. கிளையின் தொலைபேசி, நோயாளர் பதிவு, ஈ.சி.ஜி. படம், இரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் அந்த ஒரே வழியால்தான் நகரத்துக்கு வரவேண்டும்.

இப்படி ஒடுக்கமான வழி உள்ள இடத்தில்தான், தரவுகளைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் என்ற பெட்டிக்குள் இருக்கும் வரிசைகளுக்கு வேலை வருகிறது. வழி அகலமாக இருந்தால் வரிசையே உருவாகாது, வந்தது வந்தபடி போய்விடும். நெரிசல் வந்தால்தான் யாரை முதலில் விடுவது என்று அந்தப் பெட்டி முடிவெடுக்கிறது. முடிவெடுக்க இரண்டு முறைகள். ஒன்று கண்டிப்பான முறை: முதல் வரிசையில் ஒரு பக்கெட், அதாவது ஒரு சின்னத் தரவுப் பொதி, நிற்கும்வரை மற்ற வரிசைகளைத் திரும்பியும் பார்க்காது. மற்றது பங்கு முறை: பெரிய பங்குள்ள வரிசைக்கு அடிக்கடி முறை வரும், சின்னப் பங்குக்குக் குறைவாக வரும், ஆனால் எல்லாருக்கும் முறை வரும்.

வாவியில் பாதை ஓடும் துறைகளை நினைத்துப் பாருங்கள். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். பெரியவர்களின் வாகனம் ஒன்றேனும் துறையில் நிற்கும்வரை வேறு யாரையும் ஏற்றக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு வாகனம் என்றால் பரவாயில்லை, யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால்? பிள்ளை வலி எடுத்தவளை ஏற்றிய ஓட்டோ கரையில் அப்படியே நிற்கும். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது. பாதை ஓயாமல் ஓடுகிறது, நல்ல சேவை என்று சொல்லிவிட்டுப் போவான்.

அதனால்தான் கண்டிப்பான வரிசையைத் தொலைபேசிப் பேச்சுக்கு மட்டும் விடவேண்டும். பேச்சு சின்ன விஷயம், அதிகம் இடம் பிடிக்காது. அதற்கும் மேலே ஓர் உச்சவரம்பு போடவேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பங்கு. இதை என்னை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். தெரியாமல் பிழை விட்டவன் அல்ல நான். அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் ஊரில் எந்த வரிசைக்கும் ஒரு சிபாரிசுத் துண்டு உண்டு. விடியக் காலையில் வந்து இலக்கம் எடுத்துவிட்டு நீள மரவாங்கில் ஐம்பது பேர் குந்தியிருப்பார்கள். பத்து மணிக்கு ஒருவர் மடித்த கடதாசி ஒன்றோடு வருவார். இன்னார் அனுப்பியது என்பார். கதவு திறக்கும், உள்ளே போவார். வாங்கில் இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், நாளைக்குத் தங்களுக்கும் ஒரு துண்டு தேவைப்படும் என்ற நினைப்பு. இந்தப் பழக்கம் ஆட்களோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. எங்கள் நிறுவனத்தில் அது சுவிட்ச்சுக்குள்ளும் புகுந்துவிட்டது.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு புதிய கட்டிடத் திறப்பு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வருகிறார். மண்டபத்தில் ஒரு பெரிய திரை. அந்தத் திரையில், படுவான்கரை மக்களும் விழாவில் நேரடியாகக் கலந்துகொள்கிறார்கள் என்று காட்டவேண்டுமாம். அதற்காகக் கிளையின் கூட்ட அறையில் முப்பது பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு, தோரணம் கட்டி, முன்னால் ஒரு வீடியோ பெட்டியைப் பூட்டினார்கள். மக்கள் எதற்குத் திரையில் தெரியவேண்டும், அவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு பணிப்பாளரின் செயலாளர் என் மேசைக்கு வந்து ஒரு துண்டை வைத்தார். பணிப்பாளரின் கையெழுத்து: "கிளை வீடியோ எக்காரணம் கொண்டும் விக்கக்கூடாது. முதலிடம் கொடுக்கவும்."

"சேர், வீடியோவ அந்த வரிசையில போட ஏலா," என்றேன். "அது பெரிய சாமான். மத்ததெல்லாம் நிண்டுபோகும்."

"ஒரு நாள் வேலைதானே. போன கூட்டத்தில படம் நிண்டு நிண்டு வந்து அவர் எப்பிடி ஏசினவர் எண்டு ஞாபகம் இருக்கா? எனக்கு இன்னொருக்கா ஏச்சு வாங்க ஏலா."

எனக்கும் ஏலாது. அதுதான் உண்மை. ஒரு பாதி வழி தேடினேன்: வீடியோவை முதல் வரிசையில் போட்டேன், ஆனால் உச்சவரம்பும் போட்டேன். ஒத்திகை பார்த்தபோது படம் இரண்டு தரம் உடைந்தது. செயலாளர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் வரம்பை எடுத்துவிட்டேன். வீடியோ பெட்டி தன் பக்கெட்டுகளில் தானே "முதலாவது" என்று முத்திரை குத்தி அனுப்பும். அந்த முத்திரையை நம்பு என்று சுவிட்ச்சுக்குச் சொன்னவனும் நான்தான். படம் கண்ணாடி போல வந்தது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மற்ற வேலைகள் ஒன்றும் நடக்காத நேரத்தில் பார்த்த ஒத்திகை அது. யாரும் நிற்காத துறையில் பாதையை ஓட்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான்.

விழா நாள் வந்தது. மாசி முடிகிற காலம், படுவான்கரை முழுக்க வேளாண்மை வெட்டு, நெல் அறுவடை. அந்த நேரத்தில் எந்த மனிதன் வயல் வட்டையை விட்டுவிட்டுக் கதிரையில் வந்து குந்தியிருப்பான்? இதைக்கூட யோசிக்காமல் நாள் வைத்திருந்தார்கள். கிளை டொக்டரை மேடைப்பக்கம் கதிரை நிரப்ப நகரத்துக்கு அழைத்துவிட்டார்கள். மற்றத் தாதி லீவு. கிளையில் மிஞ்சியது நிரோஜினி என்ற தாதியும் சாரதியும் மட்டும். வீடியோ பெட்டியை எட்டு மணிக்கே போட்டுவிட்டார்கள். அது காட்சி அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஒரே அளவில் அனுப்பும்படி அமைக்கப்பட்டது. ஆக, முப்பது வெறுங்கதிரைகளின் படம், மிகத் தெளிவாக, வாவிக்கு மேலால் வந்துகொண்டே இருந்தது.

ஒன்பது மணி தாண்டி சீனித்தம்பி என்ற விவசாயியை மனைவி ஓட்டோவில் கொண்டுவந்தாள். இதற்குப் பிறகு நடந்ததை நிரோஜினிதான் எனக்குச் சொன்னாள்.

"மிஸி, வெட்டு மெஷினுக்கு வழி காட்டிட்டு நிண்டவர். நெஞ்சப் பொத்திட்டு வயல் வரம்புல இருந்திட்டார்," என்றாளாம் அந்த மனைவி.

"ஒண்டுமில்ல மகள், வாய்வு," என்று சீனித்தம்பி சொன்னார். "காலம்பற சாப்பிடல்ல. ஒரு சோடா உடைச்சுத் தந்தாச் சரியாப் போயிரும்."

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நிரோஜினி ஈ.சி.ஜி. எடுத்தாள். பார்த்தவுடனேயே அவளுக்குச் சந்தேகம். ஆனால் நிறுவனத்தில் ஒரு விதி: நகரத்தில் இருக்கும் இருதய வைத்தியர் படத்தைப் பார்த்துச் சொல்லாமல் கிளை அம்புலன்ஸ் நோயாளியோடு புறப்படக்கூடாது. இன்னொரு விதி: நோயாளியின் படத்தை நிறுவனத்தின் கணினியால் மட்டுமே அனுப்பவேண்டும், சொந்தப் போனால் அனுப்பக்கூடாது. அவள் கணினியால் அனுப்பினாள். வட்டம் சுற்றியது. நின்றது. மீண்டும் அனுப்பினாள். தொலைபேசியை எடுத்தாள். பேச்சும் வீடியோவோடு ஒரே வரிசையில் கிடந்து நசுங்கியதால் அவள் சொன்னது யாருக்கும் விளங்கவில்லை, மற்றப் பக்கத்தவர் வைத்துவிட்டார். எல்லாமாக ஐந்து தரம் அனுப்பினாள். சாரதி வாசலில் நின்று, "மிஸி, நான் ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கன். ஒரு சொல்லு வந்தாப் போதும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

பக்கத்து அறையில் தோரணம் கட்டிய முப்பது கதிரைகள். அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கியிருந்தால் அவளுடைய படம் அந்த நொடியே போயிருக்கும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியவேண்டியவன் நான்.

கடைசியில் அவள் விதியை மீறினாள். கிளைக்குள் கைப்போனுக்குச் சிக்னல் வராது, பின்னால் குளக்கட்டில் ஏறினால்தான் வரும். சாரதியை நோயாளிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, ஈ.சி.ஜி. தாளைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினாள். அங்கிருந்து இருதய வைத்தியரின் போனுக்கு அனுப்பினாள். விழா மண்டபத்தில் முன்வரிசையில் இருந்த வைத்தியர் போனைப் பார்த்தார், எழும்பினார், வெளியே போய் அவளுக்கு அழைத்தார்.

"இது ஹார்ட் அட்டாக். அங்க இருக்கிற குளிசையச் சப்பக் குடுத்திட்டு இப்பவே ஏத்து பிள்ள. நான் இஞ்ச ஆயத்தமா நிக்கிறன்."

முதல் முறை அனுப்பியதிலிருந்து அந்த அழைப்பு வரை முப்பத்தெட்டு நிமிடம். சீனித்தம்பி பிழைத்தார். ஆனால் இருதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான். இன்றைக்கும் வட்டைக்குப் போகிறார், மற்றவர்கள் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு வரம்பில் இருக்கிறார். அந்த மனிதனிடமிருந்து முப்பத்தெட்டு நிமிடத்தை எடுத்துக் கதிரைகளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? மண்டபத்தில், திரைக்குப் பக்கத்தில், மடிக்கணினியோடு. இணைப்பு நிரம்பி ஓடியது. ஒரு பிழையும் காட்டவில்லை. படம் விக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். தூரத்தில் நின்று பாதை நன்றாக ஓடுகிறது என்றவன் நான்தான். ஓர் இணைப்பு நிரம்பி ஓடினால் உள்ளே எந்த வரிசை போகிறது, எந்த வரிசை சாகிறது என்று தனித்தனியே பாருங்கள் பிள்ளைகளே. மொத்தக் கணக்கு எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

விழா முடிந்தபிறகுதான் எனக்குச் செய்தி வந்தது. சுவிட்ச்சுக்குள் போய்ப் பார்த்தேன். முதல் வரிசையில் வழி கிடைக்காமல் எறியப்பட்ட வீடியோ பக்கெட் கிட்டத்தட்ட இல்லை. ஈ.சி.ஜி. வரும் வரிசையில் காலை எட்டு மணியிலிருந்து எறிந்துகொண்டே இருந்திருக்கிறது. அப்போது செயலாளர் பின்னால் வந்து நின்றார்.

"அந்தச் சுவிட்ச்ச ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்களன். எல்லாம் சரியா வந்திரும்."

நிப்பாட்டிப் போட்டால் அந்தக் கணக்கெல்லாம் பூச்சியமாகிவிடும். அவர் அது தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. "பொறுங்க சேர்," என்று சொல்லிவிட்டு முழுவதையும் பிரதி எடுத்தேன். எந்த நெருக்கடியிலும் முதலில் பிரதி எடுங்கள், பிறகு பெட்டியைத் தொடுங்கள்.

இரண்டு நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. எனக்கு என்று நினைப்பீர்கள். இல்லை, நிரோஜினிக்கு. நோயாளியின் படத்தைச் சொந்தப் போனால் அனுப்பியது, நோயாளியை விட்டுவிட்டு வெளியே ஓடியது, நிறுவனத்தின் முறையைப் புறக்கணித்தது. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு மனிதனின் உயிரைக் காப்பாற்றிய பெண்ணைக் கூண்டில் ஏற்றிவிட்டு, கதிரைக்கு முதலிடம் கேட்டவர்கள் நீதிபதிகளாகக் குந்தியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் விசாரணை. தலைமை தாங்கியவர் நிர்வாக சபை உறுப்பினர், ஓய்வுபெற்ற அரச அதிகாரி. பக்கத்தில் பணிப்பாளர்.

"நோயாளியைத் தனியே விட்டுவிட்டு வெளியே போனது உண்மையா?" என்று தலைவர் கேட்டார்.

"சாரதி பக்கத்தில இருந்தவர் சேர். ஆனா ஓம், நான் போனன்," என்றாள் நிரோஜினி.

"விதி தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் மீறியிருக்கிறீர்கள்."

"ஓம் சேர். வேற வழி தெரியல்ல."

பணிப்பாளர் குறுக்கே வந்தார். "அன்றைக்கு வாவிப் பக்கம் காற்றுக் கடுமை. அப்படியான நாளில் இணைப்பு விழும், எழும்பும். கொஞ்சம் பொறுத்திருந்தால் போயிருக்கும்."

அதுவரை நான் சாட்சியாக மூலையில் இருந்தேன். அதைக் கேட்டதும் எழும்பிவிட்டேன். "காத்தும் இல்ல, மழையும் இல்ல சேர். அண்டைக்கு இணைப்பு ஒரு நிமிசமும் விழல்ல." பிரதி எடுத்த தாளை மேசையில் வைத்தேன். "வெறுங்கதிரைப் படம் முழுசா வந்திருக்கு. ஈ.சி.ஜி. படத்த எறிஞ்சிருக்கு. எறியச் சொல்லிச் சுவிட்ச்சுக்குச் சொன்னது நான். பிழை என்ர. கடிதத்த எனக்குத் தாங்க."

தலைவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி. உங்களுக்கும் ஒரு கடிதம் வரும். ஆனால் இந்தப் பிள்ளை விதியை மீறியது மீறியதுதான்."

"அப்ப மூண்டாவது கடிதம் ஒண்டும் எழுதவேண்டி வரும்," என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த துண்டை எடுத்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எக்காரணம் கொண்டும் விக்கக்கூடாது. கீழே கையெழுத்து.

பணிப்பாளர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் துண்டை எடுத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை நான்காக மடித்துத் தன் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். தேநீர் வரவழைத்தார். தேநீர் குடித்து முடிய, இது தொழில்நுட்பக் கோளாறு, எவர் மீதும் நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி முடித்தார்கள். நிரோஜினிக்குக் கொடுத்த கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எனக்கு வரவேண்டிய கடிதம் வரவேயில்லை. அவள் செய்தது சரி என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நியாயம் கிடைத்ததென்று நான் சொல்லமாட்டேன். அவளைத் தண்டிக்கவேண்டுமானால் துண்டையும் விசாரணைப் பதிவில் சேர்த்திருக்கவேண்டும், அதற்குப் பயந்து விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். நான் வென்றவன் போல நடந்துகொண்டிருந்தேன். ஐந்து நாளாக ஆதாரம் சேர்த்து, நேரவாரியாக அட்டவணை போட்டு, எந்தத் தாளை எப்போது வைப்பது என்று வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பார்த்து வந்தவன் ஆயிற்றே. படிக்கட்டில் நிரோஜினி நின்றாள்.

"அண்ணன், நாளைக்கு அப்பிடி ஒராள் வந்தா, அந்தப் படம் இப்ப போகுமா?"

அந்த அறையில் இரண்டு மணித்தியாலம் பேசினோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் கேட்கவில்லை, பணிப்பாளர் கேட்கவில்லை, இவ்வளவு கோபத்தோடு எழும்பி நின்ற நானும் கேட்கவில்லை. வீடியோ பெட்டி இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. அதற்கு நான் கொடுத்த முதலிடமும் அப்படியே இருந்தது. விசாரணை முடியும்வரை எதையும் மாற்றக்கூடாது, ஆதாரம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பிரதி எடுத்தபிறகு கெடுவதற்கு என்ன ஆதாரம் இருந்தது?

"இன்னும் மாத்தல்ல தங்கச்சி," என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கைப்பையைத் திறந்து, தன் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று பார்த்தாள். "சரி, அப்ப வாறன் அண்ணன்," என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தாள்.

நான் மாடிக்குத் திரும்பிப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் துண்டு வாங்கவில்லை. வீடியோவைக் கடைசிப் பங்குக்குத் தள்ளினேன், அதன் முத்திரையை நம்பவேண்டாம் என்று சுவிட்ச்சுக்குச் சொன்னேன், பேச்சுக்கு உச்சவரம்பு போட்டேன், ஈ.சி.ஜி. வரும் வரிசைக்கு யாரும் பறிக்க முடியாத ஒரு பங்கை ஒதுக்கினேன். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அவளுடைய பஸ் அப்போது வாவிப் பாலத்தையே தாண்டியிருக்காது.